வயலின் கத்துகிறதா? நாற்பதுக்கு மேல் கற்கத் தொடங்கியவர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 44 வயதில் வயலின் எடுத்தேன். இப்போது மூன்றாவது வருடம். கீதங்கள் முடிந்து முதல் வர்ணத்தில் இருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் "மோட்டார் ஓடலைங்க" என்றுதான் சொல்வார்கள். உறுமுகிறதா, சுற்றிக்கொண்டே சூடாகிறதா, சுவிட்சைப் போட்டவுடன் ஃபியூஸ் போகிறதா என்று கேட்டால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும். "எனக்கு வயலின் வரலை" என்பதும் அந்த மாதிரிப் பேச்சு. எது வரவில்லை? சத்தமா, சுருதியா, விரலா, தாளமா? வயதானதால் வரவில்லை என்று முடிவு கட்டி, பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்ட மூன்று பேரை எனக்கே தெரியும். அதில் ஒருவருக்குக் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, தவறாக நின்றிருந்தது. இன்னொருவர் வில்லுக்கு ரோசினே, அதாவது வில் மயிரில் தேய்க்கும் பிசினே, போடவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, வயலினும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே சேர 12 முதல் 25 வயது வரைதான். நம்மைப் போன்றவர்கள் தனி ஆசிரியரிடம் வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ போகிறோம். மற்ற நாட்களில் வீட்டில் தனியாக உட்கார்ந்து தடுமாறுகிறோம். அந்தத் தனி நாட்களுக்குத்தான் இது. ஆசிரியருக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில்: கருவியா, கையா?

சேர்ந்த இரண்டாவது மாதம் நொந்துபோய், "டீச்சர், இந்த வயலினே சரியில்லை போல" என்றேன். "குடுங்க தம்பி" என்று வாங்கி மடியில் வைத்து, நடு ஸ்தாயி ஸ-வில் ஒரே ஒரு முழு வில் இழுத்தார். நான் வாங்கிய அதே மலிவு வயலின்தான். குடத்துக்குள் தண்ணீர் விழுகிற மாதிரி நிறைந்து வந்தது. "வயலின் நல்லாத்தான் இருக்கு. உங்க கட்டை விரலைப் பாருங்க, எவ்வளவு விறைப்பு" என்றார்.

இதுதான் சோதனை. தெரிந்தவர் ஒருவரை உங்கள் வயலினில், உங்கள் வில்லால் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையிலும் கத்தினால் கருவியில் கோளாறு. அவர் கையில் இனித்தால் உங்கள் கையில். யாரும் கிடைக்காத நாளில், விரல் எதையும் வைக்காமல் வெறும் தந்தியை நகத்தால் சுண்டுங்கள். சுண்டும்போது சுத்தமாக ஒலித்து, வில் போடும்போது மட்டும் கெட்டால் வில்லையும் வலக்கையையும் பாருங்கள். சுண்டும்போதே இரைந்தால் கருவியைப் பாருங்கள்.

இன்னொன்று, எங்கள் தொழிலில் சொல்லித் தருவது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தந்தியையும் வில்லையும் உட்காரும் விதத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே கோளாறு வந்தால் மறுபடி முதலில் இருந்து தேட வேண்டியிருக்கும்.

வில் போட்டால் காற்று மாதிரி ஒலி வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை

ரோசின் இல்லை. புது வில்லின் மயிர் வழவழப்பாக இருக்கும், தந்தியைப் பற்றாது. புது ரோசின் கட்டியும் கண்ணாடி மாதிரிதான் வரும், அப்படியே தேய்த்தால் ஒட்டாது. நைசான உப்புத்தாளால் மேல்பக்கத்தை இரண்டு மூன்று முறை உரசி, மாவு மாதிரி வெள்ளை தெரிந்த பிறகு வில்லை அடியிலிருந்து நுனி வரை நிதானமாகத் தேய்க்க வேண்டும். புது வில்லுக்கு இது நிறைய நேரம் எடுக்கும். நான் பத்து நிமிடம் தேய்த்த பிறகுதான் தந்தி பேசியது. அதற்கப்புறம் தினமும் நாலைந்து இழுப்பு போதும்.

அதிகமானாலும் கெடும். வயலின் மேல் வெள்ளைப் பொடி கொட்டி, ஒலி மணலில் நடப்பது போல நறநறத்தால் ரோசின் கூடிவிட்டது. பழைய பருத்தி வேட்டித் துண்டால் தந்தியையும் பலகையையும் துடையுங்கள். தண்ணீர் படக் கூடாது.

வில் மயிரை விரலால் தொடாதீர்கள். கிரீஸ், எண்ணெயில் புழங்குகிற என்னைப் போன்றவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுத்தாலும் தொடக் கூடாது. எண்ணெய் பட்ட இடம் தந்தியைப் பற்றாமல் வழுக்கும்; அந்த இடம் வரும்போதெல்லாம் ஒலி அறுந்து அறுந்து வரும்.

கிரீச் என்று கத்துகிறது

எல்லாரும் இதைச் சொல்லித்தான் புலம்புகிறார்கள். முக்கால்வாசி வலக்கைப் பிழை. ஆனால் நாம் இடக்கை விரல்களைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வில் எங்கே போகிறது என்று பாருங்கள். குதிரைக்கும் விரற்பலகையின் முடிவுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. வில் அந்தப் பாதையில், குதிரைக்கு இணையாகப் போக வேண்டும். குதிரைக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் கீச்சிடும். விரற்பலகை மேல் ஏறினால் ஒலி மங்கி ஊதும். நேராகத்தான் இழுக்கிறேன் என்று நமக்குத் தோன்றும், தோன்றுவதை நம்பக் கூடாது. பீரோக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். வில்லின் நுனி வரை இழுக்கும்போது முழங்கை உடம்பைச் சுற்றிப் பின்னால் போய்விடும், வில் கோணலாகித் தந்தியின் மேல் வழுக்கும். கத்தல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. நுனி நெருங்கும்போது முழங்கையிலிருந்து கையை முன்பக்கம் விரித்துக் கொடுத்தால் வில் நேராகும்.

அடுத்தது எடை. வில்லின் எடை சுமார் 60 கிராம். அந்த எடையும், அதன்மேல் தளர்ந்து சாயும் கையின் கனமும் போதும். ஸ்பேனர் பிடித்த கைக்கு இது புரிய நாளாகும். இறுக்கினால்தான் பிடிமானம் என்று பழகிய கை அது. கட்டை விரல் விறைத்து நேராக நின்றால் அந்த விறைப்பு மணிக்கட்டு, முழங்கை வழியாகத் தோள் வரை ஏறும். தோள் காதுப் பக்கம் தூக்கிக்கொள்ளும். கட்டை விரல் மூட்டு வெளிப்பக்கம் மடங்கி இருக்கட்டும். வாசிக்கும் நடுவில் சட்டென்று நிறுத்தி, "தோள் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதம் என் தோள் எப்போதும் மேலேதான் இருந்தது.

வேகமும் எடையும் சேர்ந்து போக வேண்டும். மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்தினால் நறநறக்கும். வேகமாக இழுத்துக்கொண்டே எடையே கொடுக்காவிட்டால் மேலே மேலே சறுக்கி விசில் அடிக்கும்.

இதற்கு டீச்சர் கொடுத்த மருந்து சலிப்பானது, ஆனால் கேட்டது. தம்புராவைப் போட்டுக்கொண்டு, விரலே வைக்காமல் வெறும் ஸ, வெறும் ப. ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை. எட்டும் முடியும்போது வில் சரியாக நுனியில் இருக்க வேண்டும். ஆறிலேயே தீர்ந்தால் வேகம் கூடிவிட்டது. தினமும் 15 நிமிடம். ஒரு மாதம் இதை மட்டும் செய்தேன். காலை ஐந்தரைக்கு மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, வெறும் ஸ-வை இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதம்தான் எனக்கு ஒலியின் மேல் ஆசை வந்த மாதம்.

ஒரு தந்தியைத் தொட்டால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து பேசுகிறது

முழங்கை உயரம். தடித்த தந்தியான மந்தர ஸ-வுக்கு முழங்கை மேலே, மெல்லிய தந்தியான மேல் ப-வுக்குக் கீழே. நான்கு தந்திக்கும் நான்கு உயரம். தந்தி மாறும்போது மணிக்கட்டை மட்டும் திருப்பாமல் கையையே கொண்டுபோங்கள். உயரத்தைச் சரிசெய்த பிறகும் நடுத் தந்திகளில் தொந்தரவு இருந்தால் குதிரையின் மேல் வளைவு தட்டையாக இருக்கலாம். பழுது பார்ப்பவர் சீவித் தருவார்.

டியூனரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் சுருதிப் பெட்டியோடு ஒட்டவில்லை

கைபேசியில் இறக்குகிற வயலின் டியூனர் மேற்கத்திய முறைக்குச் செய்தது. தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று வைக்கச் சொல்லும். நமக்கு ஸ, ப, ஸ, ப. பாலுஸ்வாமி தீட்சிதரும், அவருக்குப் பிறகு தஞ்சை வடிவேலுவும் இந்தக் கருவியை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து சுமார் 200 வருடம் ஆகிறது. இங்கே தரையில் உட்கார்ந்து வாசிக்கிறோம், சுருதி சேர்ப்பதும் வேறு. டியூனருக்கு அது தெரியாது.

நம் ஆதார ஸ எந்த உயரம் என்று சொல்லும் கட்டைக் கணக்கு இது: 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. உங்கள் ஆசிரியர் 5 கட்டை சொல்லியிருந்தால் தந்திகள் ஜி, டி, ஜி, டி என்று இருக்க வேண்டும். அதனால்தான் டியூனர் சொன்னபடி வைத்தவருக்குத் தடித்த இரண்டு தந்தியும் சுருதிப் பெட்டியோடு சேரும், மெல்லிய இரண்டும் முரண்டு பிடிக்கும். இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம். மெல்லிய இரண்டையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்குங்கள். எனக்கு 3 கட்டை, ஆகவே ஈ, பி, ஈ, பி. தந்தி இன்னும் தளர்ந்திருக்கும். தளர்ந்த தந்தியை வில்லால் அழுத்தினால் சுருதியே வளையும், அதையும் நினைவில் வையுங்கள்.

டியூனரை ஒரு தந்திக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்வேன். நடு ஸ-வை அதில் வைத்துவிட்டு, ப-வையும் மற்ற ஸ-வையும் காதால் சேருங்கள். இரண்டு தந்தியையும் சேர்த்து வில் போட்டால், சேராதபோது ஒலி 'வ்வா வ்வா வ்வா' என்று அலையடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் அடங்கிவிடும். இரண்டு மோட்டார் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது வருகிற அலைதான் இது. எத்தனையோ வருடமாகக் கேட்ட ஒலியை இங்கே அடையாளம் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சுருதி நிற்கவில்லை, பிருடை வழுக்குகிறது

நம் பக்கம் இது பருவத்தோடு வரும் நோய். தை முடிந்து காற்று உலர்ந்தால் மரம் சுருங்கும், தந்தியை முறுக்கும் பிருடை ஓட்டையில் தளரும். காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் தொங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதே பிருடை ஊதி இறுகிக்கொள்ளும், திருப்பினால் 'டக்' என்று ஒரேயடியாகத் தாண்டும். வயலினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது, திருப்பும் விதம். பிருடை கூம்பு வடிவம். திருப்பிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். இடக்கையால் தலையைப் பிடித்து, வலக்கையால் தள்ளித் திருப்புங்கள். அடுத்து, தந்தி சுற்றியிருக்கும் விதம். சுற்று வரிசையாகப் போய், கடைசிச் சுற்று பிருடையின் பிடி இருக்கும் பக்கத்துச் சுவரை ஒட்டி முடிய வேண்டும். அப்போது தந்தியின் இழுவையே பிருடையை உள்ளே பிடித்துவைக்கும். காயில் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எப்படிக் கெடுமோ, அப்படித்தான் இதுவும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வழுக்கினால், பிருடையை உருவி, மரத்தோடு மரம் உரசும் இரண்டு இடத்திலும் கரும்பலகைச் சாக்பீஸைத் தடவுங்கள். மழைக்காலத்தில் இறுகினால் உலர்ந்த சோப்புத் துண்டைத் தேயுங்கள். இரண்டும் தேவைப்படுவதும் உண்டு, சோப்பு முதலில், மேலே கொஞ்சம் சாக்பீஸ். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

ஒரு தந்தியை மாற்றி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். புதுத் தந்தி சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும், அது வழுக்கல் இல்லை. தினசரி நுணுக்கச் சரிசெய்தலுக்கு வால்பகுதியில் நான்கு தந்திக்கும் சிறு திருகாணி, அதாவது ஃபைன் டியூனர், போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் இருக்கும் வயலினை வாங்கியிருந்தால் மீதி மூன்றையும் வாங்குவது வீண் செலவே இல்லை.

குதிரை சாய்கிறது, உள்ளே ஏதோ உருள்கிறது

குதிரை ஒட்டப்பட்டதில்லை. தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு முறை தந்தியை ஏற்றும்போதும் அதன் தலை கொஞ்சம் கொஞ்சமாக விரற்பலகைப் பக்கம் இழுபடும். பக்கவாட்டில் பாருங்கள்: குதிரையின் பின்பக்கம், வால்பகுதியை நோக்கிய பக்கம், பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் வயலினை மடியில் வைத்து, இரண்டு கை விரல்களாலும் குதிரையின் மேல் ஓரத்தைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே விட்டால் ஒரு நாள் படீரென்று விழும், பலகை கீறும், குதிரையும் வளைந்துபோகும்.

எனக்குத் தபாலில் வந்த வயலினில் குதிரை தனியாகக் காகிதத்தில் சுற்றி இருந்தது. நானே நிறுத்தினேன், திருப்பி நிறுத்திவிட்டேன். குதிரையின் ஒரு தோள் உயரம், ஒரு தோள் தாழ்வு. உயரமான தோள் தடித்த தந்திக்கு. மாற்றி நின்றால் மெல்லிய தந்தி எட்டாத உயரத்தில் இருக்கும், தடித்தது விரற்பலகையில் உரசி இரையும். மூன்று வாரம் அப்படியே வாசித்தேன். விரல் நுனி தோல் உரிந்தது. புதிதாக வாங்கியவர்கள் இதை இன்றைக்கே பாருங்கள். சரியாக நின்றும் தந்தி உயரமாக இருந்தால் அளந்து பாருங்கள்: விரற்பலகையின் முடிவில் மெல்லிய தந்திக்கும் பலகைக்கும் இடையே சுமார் 3 மி.மீ., தடித்ததற்கு 5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ரொம்பக் கூடுதலாக இருந்தால் குதிரையைச் சீவாமலே அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் சீவ வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வயலினை ஆட்டினால் உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால், சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் சிறு மரத்தூண் அது. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அழுத்தம் போய் விழுந்துவிடும். அது இல்லாமல் தந்தியை ஏற்றினால் மேல் பலகை அமுங்கி வெடிக்கலாம். உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போங்கள். நமக்குப் பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், அங்கே ஆள் இருக்கிறார்கள். போகும்போது வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வயலினை ஒட்டும் பசை சூட்டில் இளகும்.

இர்ர்ர் என்று இரைகிறது

சித்திரை வெயிலுக்கு அப்புறம் என் வயலினில் நடு ஸ மட்டும் தகரத்தில் குளவி சிக்கின மாதிரி இரைந்தது. திருகாணிகளின் வளையம் தளர்வா என்று பார்த்தேன். முகவாய்க்கட்டையை இறுக்கினேன். ஃபைன் டியூனர் முழுதும் இறங்கி அடிநாக்கு பலகையைத் தொடுகிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு வயலினைக் காதருகே வைத்து, ஓரத்தைச் சுற்றிலும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தேன். டொக், டொக், டொக் என்று வந்தது, இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தில் 'டப்' என்று உடைந்த சத்தம். ஒட்டு விட்டிருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு. கண்ணுக்குத் தெரியவே இல்லை. கடையில் இருந்த பசையைப் போடத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். அந்தப் பசை போட்டால் அப்புறம் திறக்கவே முடியாது. வயலின் பசை வேறு, அது திறந்து மூடுவதற்கென்றே போடுவது.

க-வும் நி-யும் எப்போதும் இறங்கி நிற்கின்றன

சரளி வரிசை வாசிக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் இருக்கும் பிழை. காரணம் அந்த வரிசை அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால் போதும்.

முழு அளவு வயலினில் தந்தியின் ஒலிக்கும் நீளம் சுமார் 32.5 செ.மீ. பிருடைப் பக்கத்து முனையிலிருந்து ரி சுமார் 2 செ.மீ. தள்ளி. க சுமார் 6.5 செ.மீ. ம சுமார் 8.1 செ.மீ. ரி-க்கும் க-வுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் விரிய வேண்டும். க-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கை விரல்கள் இயல்பாகச் சம இடைவெளியில்தான் விழும். அதனால் க பின்தங்கி ரி பக்கம் வந்துவிடும், இறங்கி ஒலிக்கும். ம முன்னால் ஓடும்.

அதனால் இரண்டாம் விரலை "மேலே தள்ளி வை" என்று நினைக்காதீர்கள். முதலில் மூன்றாம் விரலை ம-வில் வைத்து நிலைநிறுத்துங்கள். பிறகு இரண்டாம் விரலை அதன் தோளோடு தோள் ஒட்டி இறக்குங்கள். கடைசியாக முதல் விரலை மட்டும் பின்னால் நீட்டி ரி-யில் வையுங்கள். மேலிருந்து கீழாகக் கையைக் கட்டுவது. ஒரு வாரம் இப்படிச் செய்தபோது என் க தானாக ஏறி உட்கார்ந்தது. ப தந்தியிலும் த, நி, ஸ இதே இடைவெளிதான். ஒன்றில் பழகினால் மற்றதில் வரும். புரந்தரதாசர் ஆரம்பப் பாடத்துக்கு இந்த ராகத்தை வைத்ததை நினைத்து, வயலின் கற்பவன் என்ற முறையில் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சரியாக விழுந்ததா என்று வயலினே சொல்லும். கீழ்ப் ப தந்தியில் மூன்றாம் விரல் வைத்தால் வருவது நடு ஸ. பக்கத்தில் திறந்திருக்கும் தந்தியும் நடு ஸ. விரல் சரியான இடத்தில் விழுந்தால், வில் தொடாத அந்தப் பக்கத்துத் தந்தி தானாக அதிரும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் குனிந்து பாருங்கள். தந்தி ஒரு கோடாக இல்லாமல் மங்கலான பட்டையாகத் தெரியும். விரலை ஒரு நூலிழை நகர்த்தினால் சட்டென்று மறுபடி கோடாகிவிடும். மேல் ப தந்தியில் மூன்றாம் விரல் தார ஸ-வுக்கும் நடு ஸ தந்தி இதே மாதிரி பதில் சொல்லும். டீச்சர் இல்லாத ஐந்து நாளும் எனக்கு டீச்சர் இந்தத் தந்திதான்.

"விரல் தடி, அதனால் க-வும் ம-வும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் வயலினை அளந்து பாருங்கள். உடம்புப் பகுதி சுமார் 14 அங்குலம் இருந்தால் முழு அளவு. பையனுக்கு வாங்கிய 3/4 அளவு வயலினைப் பெரியவர் எடுத்து வாசித்தால் இடம் போதாதுதான். முழு அளவிலும் இடிக்கிறது என்றால், விரலை நிமிர்த்தி நுனியால் வையுங்கள். படுக்க வைத்தால்தான் இடம் அடைக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

விரற்பலகையில் அடையாளத்துக்கு டேப் ஒட்டலாமா? ஆசிரியர்கள் பலருக்குப் பிடிக்காது. என் கருத்து: ம-வுக்கு மட்டும் ஒன்று, இரண்டு மாதம் மட்டும். எல்லா ஸ்வரத்துக்கும் ஒட்டினால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

விரல் நகரவில்லை, கமகம் தந்தியில் சிக்குகிறது

வயலினை இடக்கை தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாங்கும் கை நகர முடியாது. வயலினின் தலை வலது பாதத்தின் கணுக்காலருகே ஊன்றி, அடிப்பகுதி இடப்பக்க மார்போடு அணைந்து நிற்க வேண்டும். இடக்கையை முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள். வயலின் அசையாமல் இருந்தால் நிலை சரி. வழுக்கி இறங்கினால் பாதத்தின் இடத்தை மாற்றுங்கள்.

நிலை சரியாகியும் தந்தி விரலைப் பிடித்தால், இடக்கை விரல் நுனியில் மட்டும் ஒரு பொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். நம் வித்வான்கள் பலர் செய்வது. வில் பக்கம் அந்தக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போகிறது, இடுப்பு வலிக்கிறது

நாற்காலியும் பைக்குமாக இருந்த உடம்பு தரைக்கு வர நேரம் எடுக்கும். போர்வையை நாலாக மடித்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரும்படி உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஒரேயடியாக வேண்டாம். காலையில் இருபது நிமிடம், ராத்திரி இருபது நிமிடம். விரல் நுனி எரிச்சல் சில வாரத்தில் காய்த்துப்போகும். ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது, மணிக்கட்டில் குத்துவலி, இரவில் எழுப்பும் தோள்வலி ஆகியவை பழக்கத்தில் தீருபவை இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தாளம் ஓடுகிறது

பாடுகிறவருக்குத் தாளம் போடக் கை இருக்கிறது, நமக்கு இரண்டு கையும் வேலையில். அதனால் வயலினைத் தொடுவதற்கு முன் அந்த வரிசையை வாயால் பாடி, கையால் ஆதி தாளம் போட்டு, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், முடியுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. எங்கே ஓடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். எனக்கு எப்போதும் இரண்டாம் காலத்தில், தந்தி மாறும் இடத்தில் ஓடும். பாடும்போது ஓடவில்லை. அப்படியானால் தாளப் பிழை இல்லை, தந்தி மாற்றும் முழங்கைப் பிழை. மேலே சொன்ன முழங்கை உயரப் பயிற்சிக்குத் திரும்பினேன், தாளம் நின்றது.

வீட்டில் வந்தது, வகுப்பில் வரவில்லை

கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டில் உண்மையிலேயே வந்ததா என்று அதில் தெரியும். பல நாள் வந்திருக்காது. வாசிக்கும்போது நாம் விரலைக் கவனிக்கிறோம், ஒலியைக் கேட்பதில்லை. பதிவில் நன்றாக இருந்து வகுப்பில் மட்டும் கெட்டால் போன உடனே வாசிக்காதீர்கள். ஐந்து நிமிடம் வெறும் ஸ இழுக்க அனுமதி கேளுங்கள். என் வகுப்பில் எனக்கு முன்னால் வாசிப்பது ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அவள் வாசிக்கும்போதே நான் மூலையில் உட்கார்ந்து மெதுவாக வில் போட டீச்சர் விட்டுவிட்டார். "அங்கிள், உங்க மேல் ப இறங்கியிருக்கு" என்று அவள்தான் சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள்.

ஜண்டை வரிசையில் இரண்டு ஸ்வரமும் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது

ஸஸ ரிரி என்று வர வேண்டியது நீண்ட ஸ, நீண்ட ரி என்று வருகிறது. இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் விழவில்லை. வில்லை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். வில் திரும்பும் அந்த நொடியில் ஆள்காட்டி விரலால் மட்டும் ஒரு சிறு எடை கொடுத்து உடனே விடுங்கள். வெறும் தந்தியில், விரல் வைக்காமல், நடு வில்லில் ஒரு சாண் நீளத்துக்குள் செய்து பழகுங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்தி வையுங்கள். மறந்து இறுக்கமாகவே விட்டால் குச்சியின் வளைவு நாளடைவில் நிமிர்ந்துவிடும், அப்புறம் இந்த அழுத்தம் வில்லில் நிற்காது.